கடிகாரமும் கண்ணும்

ஆமா என்னும் காட்டு விலங்கை ஒருபோதும் கண்டிராத நகரவாசி ஒருவனிடம், காடு அறிந்தவன் ஒருவன், "ஆமா என்பது பசுவைப் போன்றது" என்று சொல்கிறான். பின்னொரு நாள் அந்த நகரவாசி காட்டுக்குச் செல்கிறான். பசுவைப் போன்ற விலங்கொன்று எதிர்ப்படுகிறது. "இதுவே ஆமா" என்று அறிந்துகொள்கிறான். உவமை வாயிலாக அறிவு பிறக்கும் விதத்தை விளக்க நியாய நூலார் நெடுங்காலமாக எடுத்துக்காட்டி வரும் செய்தி இது. உவமையின் பயன் இதில் நன்கு விளங்குகிறது. அதன் எல்லையையும் இதிலிருந்தே நாம் உணர்ந்துகொள்ளலாம். பசுவைப் போன்றது என்று கேட்ட ஒன்றையே நம்பி, பால் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் ஆமாவை அணுகுவானாயின், அவன் கதி என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

உயிர்கள் எவ்வாறு தோன்றின என்னும் வினாவைப் பற்றி மேல்நாட்டில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்கிலும் இத்தகைய உவமைகளே முன்னணியில் நின்றிருக்கின்றன. ஒவ்வோர் உயிரினமும் இப்பொழுது உள்ள வடிவிலேயே தனித்தனியாகப் படைக்கப்பட்டது என்பது ஒரு கட்சி. பழைய உயிர்களிலிருந்து சிறுகச் சிறுக மாறி, கிளை கிளையாகப் பிரிந்து, இன்றைய உயிர்கள் வந்தன என்பது மற்றொரு கட்சி. முன்னதைப் படைப்புவாதம் என்றும், பின்னதைப் பரிணாமக் கொள்கை என்றும் வழங்குகிறோம். கடவுள் உண்டா, இல்லையா என்பது வேறு வழக்கு. கடவுளிடம் பக்தி கொண்டவர்களிலும் பரிணாமக் கொள்கையை ஏற்றவர்கள் பலர். நாம் இங்கே ஆராயப் புகுவது, இவ்வழக்கில் மனிதன் தன் வீட்டிலும் பட்டறையிலும் உள்ள கருவிகளை எவ்வாறு சாட்சிக் கூண்டில் ஏற்றினான் என்பதையும், அச்சாட்சிகள் சொன்னவை எவ்வளவு தூரம் செல்லும் என்பதையுமே ஆகும்.

சாட்சிகளுள் முதன்மையானது கடிகாரம். 1802-ஆம் ஆண்டில் வில்லியம் பேலி என்னும் ஆங்கிலச் சமயகுரு, 'இயற்கை இறையியல்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். புல்வெளியில் நடந்து செல்லும் ஒருவன் காலில் கல் ஒன்று இடறுகிறது. அக்கல் எப்படி அங்கு வந்தது என்று கேட்டால், என்றுமே அது அங்கே கிடந்திருக்கலாம் என்று விடை சொல்லிவிடலாம். ஆனால் அவன் கண்டெடுத்தது ஒரு பைக்கடிகாரமாக இருந்தால், அந்த விடை போதாது. பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. சுருள்வில் அவற்றை இயக்குகிறது. முள் நேரத்தைக் காட்டுகிறது. ஓர் உறுப்பு இடம் மாறினாலும் வேலை நடைபெறாது. ஆகையால் இதற்கு ஒரு வினைஞன் இருந்தே தீரவேண்டும் என்று நாம் முடிவு செய்கிறோம். கடிகாரத்தைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு நுட்பமாக அமைந்தது மனிதனின் கண். எனவே கண்ணுக்கும் ஒரு வினைஞன் உண்டு. இதுவே பேலியின் வாதம்.

இவ்வாதத்தை முதலில் கண்டவர் பேலி அல்லர். கிறிஸ்து பிறப்பதற்கு முன் 45-ஆம் ஆண்டளவில் ரோமானிய அறிஞர் சிசரோ எழுதிய கடவுளர் இயல்பு பற்றிய உரையாடலில், நிழற்கடிகாரமும் நீர்க்கடிகாரமும் இதே வேலைக்கு அழைக்கப்பட்டுள்ளன. கோள்களின் இயக்கத்தைக் காட்டும் ஓர் உலோகக் கோளத்தை நாகரிகமறியா மக்களிடம் கொண்டுபோய்க் காட்டினாலும், அது அறிவால் ஆக்கப்பட்டது என்பதை அவர்கள் ஐயுறமாட்டார்கள் என்று அங்கே வாதிக்கப்படுகிறது. 1715-இல் டச்சு அறிஞர் நியூவென்டைட் கடிகாரத்தையே எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு காலமும் தன்னிடமுள்ள கருவிகளில் தலைசிறந்ததைத் தேர்ந்து, "உலகம் இதைப் போன்றது" என்று சொல்லிக்கொண்டது எனலாம்.

நம் நாட்டில் அந்த இடத்தைப் பெற்றிருந்தது பானை. மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்னும் பாகுபாடு தமிழ்ச் சைவ சித்தாந்த நூல்களைக் கற்றோர்க்குப் பழக்கமானது. பானை ஒரு காரியம். அதனை ஆக்கிய குயவன் உண்டு. உலகமும் ஒரு காரியம். ஆகவே அதனை ஆக்கிய ஒருவன் உண்டு. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உதயணர் என்னும் நியாய ஆசிரியர் தம் 'நியாய குசுமாஞ்சலி'யில் இவ்வகை அனுமானத்தை மிகவும் வலிமையுற நிறுவினார்.

இதனை மறுத்தவர்கள் நாத்திகர் மட்டும் அல்லர் என்பது நாம் கருதத்தக்கது. திருவரங்கத்தை இருப்பிடமாகக் கொண்டு வாழ்ந்த இராமாநுசர் தம் ஸ்ரீபாஷ்யத்தில் இந்த அனுமானத்தை எடுத்துக்கொண்டு அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் காட்டுகிறார். மலையும் கடலும் ஆக்கப்பட்டவை என்றே கொண்டாலும், அவை ஒரே காலத்தில் ஒருவனாலேயே ஆக்கப்பட்டன என்பது எதனால் பெறப்படும்? பல காலத்தில் பலர் ஆக்கியிருக்கக் கூடாதோ? நாம் கண்ட குயவர் அனைவரும் உடலோடு கூடியவர் ஆயிற்றே. உவமையை முழுதும் பின்பற்றினால், இறைவனுக்கும் அவ்வாறே உடல் வேண்டும் என்று ஆகாதோ? இவ்வாறெல்லாம் வினவி, இறைவனை அறிதற்குச் சாத்திரமே வாயில், பானையைக் கொண்டு செய்யும் அனுமானம் வாயிலாகாது என்று அவர் முடிக்கிறார். தம் வாழ்நாளெல்லாம் இறைவனைப் பாடிப் பரவிய ஓர் ஆசாரியர், இறைவனை நிறுவ முன்வந்த ஓர் உவமையைப் போதாது என்று விலக்கினார். இச்செய்தியை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

ஐரோப்பாவில் இதை ஒத்த வினாக்களை எழுப்பியவர் ஸ்காட்லாந்து நாட்டு டேவிட் ஹியூம். அவர் 1776-இல் காலமானபின், 1779-இல் வெளிவந்த உரையாடல் நூலில் ஒரு கப்பலின் உவமை வருகிறது. சிறந்த கப்பல் ஒன்றைக் காண்பவன் அதைக் கட்டிய தச்சனின் மேதையை எண்ணி வியக்கிறான். அருகில் சென்று பார்த்தாலோ, அத்தச்சன் பிறரைப் பார்த்துச் செய்யும் சாதாரண மனிதன். பல தலைமுறைகளாகப் பலர் செய்து பார்த்து, தவறி, திருத்தி, மீண்டும் தவறி, மெல்ல மெல்லத் தேறிய கலை அது. பேலி தம் நூலை எழுதுவதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே, அவருடைய வாதத்தின் மெலிந்த இடத்தை ஹியூம் தொட்டுக் காட்டிவிட்டார்.

உண்மையில், பேலியின் கடிகாரம் தன் வரலாற்றைத் தானே சொல்லியிருக்கக் கூடும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் இயந்திரக் கடிகாரங்கள் தோன்றின. எடைக்கற்களால் இயங்கிய அவை கோபுரங்களில் வைக்கப்பட்ட பெரும் இரும்புக் கூடுகள். அவற்றுள் பலவற்றுக்கு முகமும் இல்லை, முள்ளும் இல்லை. மணியடிப்பது ஒன்றே அவற்றின் தொழில். எடைக்கல்லுக்குப் பதிலாகச் சுருள்வில் வந்தபின்பே கடிகாரத்தைக் கையில் எடுத்துச் செல்ல முடிந்தது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் செய்யப்பட்ட சிறு கடிகாரங்களுக்கு மணி காட்டும் முள் ஒன்றே இருந்தது. 1656-இல் ஹைகன்ஸ் என்னும் டச்சு விஞ்ஞானி ஊசற் கடிகாரத்தை அமைத்தார். 1675-இல் கைக்கடிகாரத்துக்கு ஏற்ற சமன்சுருளைப் புகுத்தினார். அதன் பின்னரே நிமிட முள் பெருவழக்காயிற்று. 1759-இல் ஜான் ஹாரிசன் முடித்த கடற்கடிகாரம், ஜமைக்காவுக்குச் சென்ற நீண்ட பயணத்தில் சில விநாடிகளே பிழைபட்டது. 1802-இல் புல்வெளியில் கிடந்ததாகப் பேலி கற்பனை செய்த கடிகாரத்துக்குப் பின்னே, இவ்வாறு ஐந்நூறு ஆண்டுகளின் திருத்தங்கள் அணிவகுத்து நின்றன. அதனை ஒரே மனிதன் ஒரே நாளில் எண்ணிச் செய்துவிடவில்லை.

இருப்பினும் பேலியைக் கூர்மையற்றவர் என்று நாம் தள்ளிவிடலாகாது. தம் வாதத்துக்கு எதிராக எழக்கூடிய பெரிய தடையை அவரே கண்டார். உயிர்கள் குட்டி ஈனுகின்றன, கடிகாரம் ஈனுவதில்லை. ஆகவே, தன்னைப் போன்ற இன்னொரு கடிகாரத்தைத் தானே செய்துகொள்ளும் கடிகாரம் ஒன்றை அவர் கற்பனை செய்தார். அப்படி ஒன்று இருக்குமாயின், அதை ஆக்கியவனின் திறமையை நாம் இன்னும் அதிகமாகவே வியக்க வேண்டும் என்று சொல்லி மேலே சென்றுவிட்டார். அவர் நின்று யோசிக்காமல் கடந்த இடம் இதுவே. ஈனும் கடிகாரம் தன் தாயை முற்றும் ஒத்திராமல் இம்மியளவு வேறுபட்டால் என்ன நிகழும்? வேறுபட்டவற்றுள் சில மற்றவற்றைக் காட்டிலும் மிகுதியாகக் குட்டிகளை ஈன்றால் என்ன நிகழும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு மேலும் அரை நூற்றாண்டு செல்லவேண்டியிருந்தது.

விடை கண்டவர் பேலியின் நூல்களைக் கற்று மகிழ்ந்த மாணவரே ஆவார். சார்லஸ் டார்வின் 1828 முதல் 1831 வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பேலியின் தர்க்கம் தமக்கு யூக்ளிடின் வடிவக்கணிதத்தைப் போன்ற இன்பத்தை அளித்தது என்று பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிவந்த அவர், 1859-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலை வெளியிட்டார். அதற்கு முன் சில ஆண்டுகள் புறா வளர்ப்போரோடு பழகி, தாமும் புறாக்களை வளர்த்து ஆராய்ந்தார். புறா வளர்ப்போன் தனக்குப் பிடித்த பறவைகளை மட்டும் இணைசேர்த்து, சில தலைமுறைகளில் புதிய வகைகளைப் பெறுகிறான். இயற்கையில் வளர்ப்போன் இல்லை. ஆயினும் பசி உண்டு, பகை உண்டு, குளிர் உண்டு. பிறப்பவை எல்லாம் பிழைப்பதில்லை. சூழ்நிலைக்குச் சற்றே பொருந்திய மாறுபாட்டை உடையவை அதிகமாகப் பிழைத்து, அம்மாறுபாட்டைத் தம் சந்ததிக்கு அளிக்கின்றன. இதனையே டார்வின் இயற்கைத் தேர்வு என்றார்.

பேலி கண்ணைத் தொலைநோக்கியோடு ஒப்பிட்டிருந்தார். இரண்டிலும் வில்லை உண்டு. இரண்டிலும் ஒளி முறைப்படி வளைகிறது. இவ்வுவமையையும் டார்வின் தட்டிக்கழிக்கவில்லை. கண் போன்ற உறுப்பு சிறுகச் சிறுக அமைந்திருக்கக்கூடும் என்பது முதற்பார்வைக்கு நம்பத்தகாததாகத் தோன்றும் என்று தாமே ஒப்புக்கொண்டு, அதற்கு விடையும் தேடினார். அரைக் கண்ணால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குக் கடலும் குளமும் விடையளிக்கின்றன. தட்டைப்புழுவுக்கு ஒளியை உணரும் சிறு குழி ஒன்றே கண்; நிழல் வரும் திசையை அறிய அது போதும். நாட்டிலஸ் என்னும் கடலுயிரின் கண்ணில் வில்லையே இல்லை. ஊசித்துளை வழியே உருவம் விழுகிறது. இவை ஒவ்வொன்றும் தன் உடையவனுக்கு இன்றும் பயன்படும் கண்ணே. 1994-இல் நில்சன், பெல்கர் என்னும் இருவர், தட்டையான ஒளியுணர் தோல் ஒன்று வில்லையுடைய கண்ணாக மாறுவதற்கு எத்தனை படிகள் வேண்டும் என்று கணக்கிட்டனர். ஒவ்வொரு படியும் நூற்றில் ஒரு பங்கு மாற்றமே என்று கொண்டு, 1,829 படிகள் என்று கண்டனர். வேகத்தைக் குறைவாகவே மதிப்பிட்டும், நான்கு லட்சம் தலைமுறைகளுக்கு உட்பட்ட காலமே போதும் என்று தெரிந்தது. உயிர் வரலாற்றில் அது கண்ணிமைக்கும் நேரம்.

தொலைநோக்கி உவமை எதிர்த்திசையிலும் சாட்சி சொன்னது. கண்ணைப் பற்றி விரிவாக ஆராய்ந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், இத்தனை குறைகள் உள்ள கருவியைக் கண்ணாடி வினைஞன் ஒருவன் தமக்கு விற்றிருந்தால், அதைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று கருத்துப்படச் சொன்னார். நம் விழித்திரையில் ஒளியுணரும் பகுதிக்கு முன்னால் நரம்புகள் குறுக்கே ஓடுகின்றன. அவை ஒன்றுகூடி வெளியேறும் இடத்தில் நமக்குப் பார்வையே இல்லை. எண்காலியாகிய ஆக்டோபசின் கண்ணில் நரம்புகள் பின்புறமாகச் செல்வதால் அக்குறை இல்லை. திட்டமிட்டுச் செய்த பொருளில் இவ்வேறுபாட்டுக்குக் காரணம் சொல்வது கடினம். இரு வேறு வழிகளில் வந்த பொருள்கள் என்று கொண்டால் எளிது.

1862-இல் டார்வின் ஆர்க்கிட் மலர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவரே ஓர் உவமையைக் கையாண்டார். ஒருவன் பழைய சக்கரங்களையும் பழைய சுருள்வில்களையும் பழைய கப்பிகளையும் எடுத்து, சிறிது மாற்றி, புதிய வேலைக்கு ஓர் இயந்திரம் அமைக்கிறான். அந்த இயந்திரம் அவ்வேலைக்கென்றே அமைந்தது என்று சொல்லலாம். ஆயினும் அதன் உறுப்புகள் வேறு வேலைக்காகத் தோன்றியவை. மலரின் நிலையும் அதுவே என்றார் டார்வின். தம் வாழ்க்கைக் குறிப்பில் அவர் மேலும் ஒரு படி சென்றார். கதவின் கீலை மனிதன் செய்தான் என்பதனால், சிப்பியின் இரு மடல்களைப் பிணைக்கும் அழகிய கீலையும் அறிவுடைய ஒருவன் செய்திருக்க வேண்டும் என்று இனி வாதிக்க இயலாது என்பது அவர் கருத்து. 1977-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பிரான்சுவா ஜாக்கப், பரிணாமத்தைத் திட்டப்படம் வரைந்து வேலை செய்யும் பொறியியலாளரோடு ஒப்பிடாமல், கையில் அகப்பட்ட உடைசல்களைக் கொண்டு ஒப்பேற்றும் வேலைக்காரனோடு ஒப்பிட்டது இதன் தொடர்ச்சியே.

இதற்கிடையில் கருவிகளே பரிணாமக் கொள்கையின் பக்கம் சாட்சி சொல்லத் தொடங்கின. 1863-இல் நியூஸிலாந்தின் பத்திரிகை ஒன்றில் சாமுவேல் பட்லர் எழுதிய கட்டுரை, பைக்கடிகாரத்தை 13-ஆம் நூற்றாண்டின் பருத்த கடிகாரங்களின் வழித்தோன்றலாகக் கண்டது. 1872-இல் டார்வினின் புதல்வர் ஜார்ஜ் டார்வின், உடையின் வளர்ச்சியைப் பற்றி எழுதினார். ஆண்களின் நீண்ட மேலங்கியின் பின்புறம் இடுப்பில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. அவற்றால் அப்பொழுது யாதொரு பயனும் இல்லை. முற்காலத்து உடையில் அவற்றுக்கு வேலை இருந்தது. வேலை போயிற்று, பொத்தான் தங்கிவிட்டது. மனிதனின் முதுகெலும்பின் அடியில் வால் எலும்பு தங்கியிருப்பதும் இத்தகையதே என்பதை வாசகர் எளிதில் உணர்ந்தனர்.

இதே பாடத்தை நம் மேசையின் மீதும் காணலாம். ஆங்கிலத் தட்டச்சுப் பொறி 1870-களில் விற்பனைக்கு வந்தது. அதன் எழுத்து வரிசை, எழுத்துக் கம்பிகள் எழும்பித் தாளை அடித்த இயந்திரத்தோடு சேர்ந்து பிறந்தது. கம்பிகள் மறைந்தன, பொறியே மறைந்துகொண்டிருக்கிறது. ஆனால் கையடக்கத் தொலைபேசியின் கண்ணாடித் திரையிலும் அதே ஆங்கில வரிசை அமர்ந்திருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீபன் ஜே கூல்ட் 1987-இல் இதனை எடுத்துக்காட்டி, இன்றைய தேவையால் மட்டும் விளக்க முடியாத இத்தகைய அமைப்புகளே ஒரு பொருளுக்கு வரலாறு உண்டு என்பதைக் காட்டுகின்றன என்று விளக்கினார்.

ஆனால் நடுநிலை தவறாமல் நோக்குவோமாயின், இச்சாட்சிகளையும் குறுக்கு விசாரணை செய்தல் வேண்டும். கடிகாரம் திருந்தியது மனிதரின் அறிவால். ஹைகன்ஸும் ஹாரிசனும் எண்ணித்தான் செய்தார்கள். ஆகவே, "கருவிகளும் பரிணாமம் அடைந்தன, உயிர்களும் அவ்வாறே" என்று மட்டும் சொன்னால், படைப்புவாதி சிரித்துக்கொண்டே, "உங்கள் கருவிகளின் ஒவ்வொரு படியிலும் ஓர் அறிவாளி இருந்தானே" என்று மடக்குவான். அவன் சொல்வது நியாயமே. உவமை இங்கே நின்றுவிடுகிறது. இனி உயிர்களையே நேரில் நோக்க வேண்டும்.

அவ்வாறு நோக்கும்போது, கருவிக்கும் உயிருக்கும் உள்ள ஒப்புமையைக் காட்டிலும் வேற்றுமையே அதிகம் கற்பிக்கிறது. வானொலிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். வால்வுகளால் இயங்கிய பெட்டிக்கு மாற்றாக, 1947-இல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டரைக் கொண்ட சிறு பெட்டிகள் 1954 முதல் கடைக்கு வந்தன. வானொலி மட்டுமா அதை ஏற்றது? காது கேளாதோர் கருவி, கணிப்பொறி, தொலைக்காட்சி ஆகிய அனைத்தும் அதனைக் கடன் வாங்கிக்கொண்டன. மனிதன் செய்யும் பொருள்களின் இயல்பு இது. ஒரு குடும்பத்தில் தோன்றிய நல்ல உறுப்பை மற்றக் குடும்பங்களுக்கும் அவன் எடுத்துக் கொடுக்கிறான். விலங்குகளிடம் இவ்வழக்கத்தைக் காண்பது அரிது. பறவையின் இறகு பறப்பதற்கு எவ்வளவு சிறந்தது! ஆயினும் வௌவாலுக்கு ஓர் இறகும் இல்லை. நீண்ட விரல்களுக்கிடையே தோலை விரித்தே அது பறக்கிறது. குட்டிக்குப் பாலூட்டுகிறது, உடலில் மயிர் உண்டு, தன் இனமாகிய பாலூட்டிகளின் சீதனத்தைக் கொண்டே அது வானில் வாழ்கிறது. உயிர்களின் உறுப்புகள் பரம்பரைச் சொத்தைப் போல வழிவழியாக இறங்கி வருகின்றன. அவற்றை வரிசைப்படுத்தினால், கிளைத்துப் பரந்த மரம் ஒன்று தெரிகிறது. புதைபடிவங்கள் தந்த மரமும், பின்னாளில் மரபணுக்களை ஒப்பிட்டுக் கண்ட மரமும் பெரும்பாலும் ஒத்துப்போவதே பரிணாமக் கொள்கையின் உண்மையான பலம். இப்பலம் எந்தக் கருவியிடமிருந்தும் கடன் வாங்கியதன்று.

இவ்வேறுபாட்டை மறந்ததனால் எழுந்த உவமைகளும் உள. 1980-களின் தொடக்கத்தில் வானநூல் அறிஞர் பிரெட் ஹாயில், பழைய இரும்புக் கிடங்கில் சூறாவளி புகுந்து போயிங் 747 விமானம் ஒன்றைச் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டார். உயிர் தானாகத் தோன்றியிருக்க இயலாது என்பதைக் காட்ட அவர் இதைச் சொன்னார். படைப்புவாதிகள் இதனைப் பரிணாமத்துக்கே எதிராக எடுத்து ஆண்டனர். சூறாவளி ஒரே வீச்சில் எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருக்கிறது. இயற்கைத் தேர்வோ, சிறு ஆதாயம் ஒவ்வொன்றையும் சேமித்துவைத்து, அதன்மேல் அடுத்ததை அடுக்குகிறது. 1986-இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் தம் நூலுக்குக் 'குருட்டுக் கடிகார வினைஞன்' என்று பொருள்படும் தலைப்பை இட்டு, ஒரே நேரத்தில் நேரும் தற்செயலுக்கும், படிப்படியாகத் திரளும் மாற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார்.

கடைசியாகச் சாட்சிக் கூண்டுக்கு வந்தது எலிப்பொறி. 1996-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பெஹே, பலகை, சுருள்வில், சுத்தி, கொக்கி, பிடிகம்பி என்னும் ஐந்து உறுப்புகளில் ஒன்று குறைந்தாலும் எலிப்பொறி எலியைப் பிடிக்காது என்றார். உயிரணுவிலும் இத்தகைய அமைப்புகள் உண்டு. குறைந்த உறுப்புகளோடு அவை வேலை செய்யாவாகலின், படிப்படியாக வந்திருக்க முடியாது என்பது அவர் வாதம். பாக்டீரியா நீந்துவதற்குப் பயன்படும் சுழல்வால் அவருக்குப் பிடித்த எடுத்துக்காட்டு. மறுத்தவர்கள் இரு வழிகளில் விடையளித்தனர். ஜான் மக்டொனால்ட் என்னும் பேராசிரியர் குறைந்த உறுப்புகளோடும் ஒருவாறு வேலை செய்யக்கூடிய எலிப்பொறிகளை வரைந்து காட்டினார். கென்னத் மில்லர் என்னும் உயிரியல் பேராசிரியர், சில உறுப்புகளைக் கழற்றிவிட்டால் எஞ்சியது எலியைப் பிடிக்காவிட்டாலும் கழுத்துப்பட்டையைக் கவ்விப் பிடிக்கும் என்று காட்டினார். மில்லர் கத்தோலிக்க சமயத்தில் ஈடுபாடுடையவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. பாக்டீரியாவிலும் இதே செய்தி உண்டு. சுழல்வாலின் புரதங்களுள் சிலவற்றை ஒத்தவை, வேறு சில பாக்டீரியாக்களில் நச்சுப்பொருளைப் பிற உயிரணுக்களுக்குள் செலுத்தும் ஊசியாக வேலை செய்கின்றன.

இவ்வழக்கு நூலகத்தோடு நின்றிருந்தால், அறிஞர்களின் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். அது பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தது. 1925-இல் டென்னசி மாநிலத்தின் டேடன் என்னும் சிற்றூரில், மனிதனின் பரிணாமத்தைக் கற்பித்த குற்றத்துக்காக ஜான் ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்நீதிமன்றம் 1927-இல் நடைமுறைத் தவறொன்றைக் காரணம் காட்டி அத்தீர்ப்பைத் தள்ளிற்று. சட்டமோ 1967 வரை நீடித்தது. 2004-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் பள்ளி வட்டாரத்தில் வேறொரு முயற்சி நிகழ்ந்தது. டார்வினின் கொள்கை முற்றும் நிறுவப்படாதது என்றும், 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்னும் மாற்று விளக்கம் உண்டு என்றும் ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு ஓர் அறிக்கை வாசிக்கப்பட வேண்டும் என்று பள்ளிக் குழு முடிவு செய்தது. அறிவியல் ஆசிரியர்கள் அதை வாசிக்க மறுத்தனர். பதினொரு பெற்றோர் நீதிமன்றம் சென்றனர்.

2005-இல் நடந்த அந்த விசாரணையில் எலிப்பொறியும் பேசப்பட்டது, சுழல்வாலும் பேசப்பட்டது. ஆனால் வழக்கின் திசையைக் காட்டிய காட்சி வேறு. உடலின் நோய்த்தடுப்பு அமைப்பு படிப்படியாக வந்ததற்கு விஞ்ஞானத்தில் விளக்கம் இல்லை என்று பெஹே எழுதியிருந்தார். அது பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளும் பல நூல்களும் அவர்முன் அடுக்கப்பட்டன. அவை போதா என்றே அவர் விடையளித்தார். டிசம்பர் 20-ஆம் நாள் நீதிபதி ஜான் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார். அறிவார்ந்த வடிவமைப்பு என்பது விஞ்ஞானம் ஆகாது. அதனை அரசுப் பள்ளியில் புகுத்துவது அந்நாட்டு அரசியலமைப்புக்கு முரண் என்பது தீர்ப்பின் சாரம். ஒருபுறம் ஓர் உவமை, மறுபுறம் பல்லாண்டு உழைப்பில் திரண்ட ஆய்வுகள். இவை இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாகாது என்பதை மாணவர் அறிய வேண்டுமா, வேண்டாவா என்பதே அங்கே எழுந்த கேள்வி.

நம் நாட்டில் அத்தகைய வழக்கு எழவில்லை. ஆயினும், பாடச்சுமையைக் குறைக்கும் நோக்கில் தேசியப் பாடத்திட்டக் குழுவின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது, 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதனை மீண்டும் சேர்க்குமாறு 2023-இல் வேண்டுகோள் விடுத்தனர். பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டு வேறு துறைக்குச் செல்லும் மாணவர் பலர். உயிர்களிடையே உள்ள உறவைப் பள்ளியில் அறியும் வாய்ப்பு அவர்களுக்கு வேறில்லை என்பதே அவர்களின் கவலை.

உவமையை ஆராய்வதற்குத் தொல்காப்பியனார் நமக்கு ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறார். வினை, பயன், மெய், உரு ஆகியவற்றுள் எதனால் ஒரு பொருள் மற்றொன்றை ஒத்தது என்று கேட்பது அவர் வகுத்த நெறி. கடிகாரமும் கண்ணும் பயனால் ஒக்கும். உறுப்புகளின் அமைப்பாலும் ஓரளவு ஒக்கும். பிறப்பால் ஒவ்வா. கடிகாரத்துக்குப் பட்டறை உண்டு, தாய் இல்லை. கண்ணுக்குத் தாயும், தாயின் தாயும், அவ்வழியே கோடிக்கணக்கான தலைமுறைகளும் உண்டு. பிறப்பைப் பற்றிய வழக்கில், பிறப்பால் ஒவ்வாத பொருளைச் சாட்சியாக அழைத்ததே பேலியின் வாதம் தளர்ந்ததற்குக் காரணம்.

இதனால் சமயப்பற்று உடையோர் எதையேனும் இழந்துவிட்டார்களா? இராமாநுசர் பானை அனுமானத்தை விலக்கியதை முன்பே நினைவில் இருத்தினோம். ஆங்கிலக் கத்தோலிக்கப் பெரியார் ஜான் ஹென்றி நியூமன் 1870-இல் எழுதிய கடிதம் ஒன்றில், தாம் கடவுளை நம்புவதனாலேயே உலகில் ஒரு திட்டத்தைக் காண்பதாகவும், திட்டத்தைக் கண்டு கடவுளை நம்பவில்லை என்றும் தெரிவித்தார். காலத்தாலும் சமயத்தாலும் மிகத் தொலைவில் நின்ற இவ்விருவரும், தம் நம்பிக்கையின் பாரத்தை ஒரு பானையின் மீதோ கடிகாரத்தின் மீதோ ஏற்றிவைக்க விரும்பவில்லை. கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். நாளை வேறொரு கருவி உவமையாக வரும். கணிப்பொறி ஏற்கெனவே வந்துவிட்டது. அதனைக் கேட்கும்போது, எந்த வகையில் ஒக்கும், எந்த வகையில் ஒவ்வாது என்னும் இரு வினாக்களையும் நம் மாணவர்கள் கேட்பார்களானால், அவர்கள் ஆமாவை அடையாளம் கண்டுகொள்வார்கள்; அதனிடம் பால் கறக்கப் போகமாட்டார்கள்.